கணபதியில் கட்டிய கப்பல்

கடற்கரையில் பிறந்தவர்கள் கப்பல் போனால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கடலே இல்லாத ஊரில் பிறந்த எங்களுக்குத்தான் அதன்மேல் பைத்தியம். போதாததற்கு, எங்கள் கோயமுத்தூர்க்காரர்களிடம் "இதைச் செய்ய முடியுமா?" என்று எதைக் கேட்டாலும் "முடியாது" என்ற பதில் வராது. "சாம்பிள் இருந்தா குடுங்க" என்றுதான் வரும். இந்த இரண்டு குணமும் ஒரே பட்டறையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. (நேரில் பார்த்த சாட்சி இல்லை. உள்ளே விழுந்த சாட்சி.)

தொண்ணூறுகளின் நடுவில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, எங்கள் ஊரின் கணபதி பகுதியில் ஒரு ஃபைபர் கிளாஸ் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். தண்ணீர்த் தொட்டி, மெஷின் கவர், கார் ஷெட்டுக்குக் கூரை, இவைதான் எங்கள் சரக்கு. முதலாளி செல்வராசு அண்ணன் தங்கமான மனிதர். ஒருமுறை ஒரு பங்களாவுக்குக் குளியல் தொட்டி செய்து கொடுத்தோம். அது ஒழுகவில்லை. எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுத் திருப்பூரிலிருந்து துரைசாமி என்பவர் வந்தார். பனியன் ஏற்றுமதி செய்கிறவர். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, அணைத் தேக்கத்தின் கரையில் புதிதாக ஒரு விருந்தினர் மாளிகை கட்டியிருந்தார். (எந்த அணை என்று சொல்லமாட்டேன். இப்போதும் யாராவது வழக்குப் போடலாம்.) டென்மார்க்கிலிருந்து அவருடைய பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், வரப்போகிறார். அந்த வெள்ளைக்காரருக்குப் பாய்மரப் படகு என்றால் உயிர். ஆகவே அவர் வரும்போது தண்ணீரில் ஒரு 'யாட்' மிதக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை மேசைமேல் வைத்தார். செல்வராசு அண்ணன் அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி உள்ள நின்னா அது தொட்டி. வெளிய நின்னா போட்டு. அவ்வளவுதானுங்களே? பண்ணிப்போடலாமுங்க!" என்றார்.

எனக்கோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். என்னோடு படித்தவர்களெல்லாம் மோட்டார் கம்பெனிகளில் நட்டு எண்ணிக்கொண்டிருக்க, பெண்பிள்ளை நான் கப்பல் கட்டப்போகிறேன்! அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "இனிமே நான் கப்பல் இன்ஜினியரும்மா" என்று சொன்னேன். "மொதல்ல அந்தக் குடத்தை நகத்து, கப்பல்" என்றார் அம்மா.

இன்ஜின் வேலைக்கு மயில்சாமி வந்தான். பாலிடெக்னிக்கில் எனக்கு ஒரு வருடம் சீனியர். பம்புசெட் டீசல் இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவதில் கெட்டிக்காரன். அப்படி ஒரு இன்ஜினைத்தான் படகுக்கும் வைத்தான். படகு பார்வைக்குக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்று நான் தளம் முழுக்கப் பவானி ஜமக்காளம் விரித்தேன். பாய்மரத்தில் கட்டும் பாய்க்கு என்ன துணி என்று கேட்டபோது துரைசாமி, "நம்ம கம்பெனி பனியன் துணியே போடுங்க. பையர் குவாலிட்டியப் பாத்துக்குவாரு" என்றார். ஆக, உலகத்திலேயே பனியன் துணியில் பாய் கட்டிய முதல் கப்பலும் எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது இருக்க வாய்ப்பில்லை.

ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டுமே? பட்டறையில் தண்ணீருக்கு எங்கே போவது? நான்தான் யோசனை சொன்னேன். படகுக்கு உள்ளே தண்ணீரை நிரப்பிப் பார்ப்போம். உள்ளிருந்து வெளியே ஒழுகாவிட்டால், வெளியிலிருந்து உள்ளேயும் ஒழுகாது! எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் ஷாஃப்டுக்கு அப்போது இன்னும் ஓட்டையே போடவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாகக் கொச்சியிலிருந்து லைஃப் ஜாக்கெட்டுகள், அதாவது தண்ணீரில் மிதக்கவைக்கும் கவசங்கள், வந்தன. ஆரஞ்சு நிறத்தில், பளபளவென்று, ஒவ்வொன்றும் தனித்தனி பாலித்தீன் உறையில். அதில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் கை வைத்ததும் செல்வராசு அண்ணன் பதறினார்.

"அம்மணி, அம்மணி! கவரப் பிரிச்சுப்போடாதீங்க. பார்ட்டி வந்துதான் பிரிக்கோணும். பிரிச்சா செகண்ட் ஹேண்டு ஆயிப்போகும்."

சொன்னதோடு நிற்காமல் எல்லாவற்றையும் படகிலிருந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உட்காரும் மெத்தைகளிலும் பாலித்தீனைப் பிரிக்கவில்லை. புதுக் கார் வாங்கி ஆறு மாதம் சீட் கவரைக் கிழிக்காமல் ஓட்டுகிற ஊர் எங்களுடையது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பையர் வரும் நாளும் வந்தது. ஆடி மாதம். படகை ஏற்றிய லாரி, விருந்தினர் மாளிகைக்குப் போகும் மண்பாதையில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. வேறு வழியில்லை. மேற்குப் பக்கமாகப் போய், கரை சரிவாக இருந்த ஓர் இடத்தில் படகைத் தண்ணீரில் இறக்கினோம். அது மிதந்தது! லாரி டிரைவர்கூட விசிலடித்தார். இனி அங்கிருந்து தண்ணீர் வழியாகவே ஓட்டிக்கொண்டுபோய் டெலிவரி கொடுக்க வேண்டும்.

ஆனால் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று என் துப்பட்டாவைப் பறித்துக்கொண்டுபோய் ஒரு வேலமரத்தில் கட்டியது. தேக்கத்துத் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

மயில்சாமி தயங்கினான். "அண்ணா, காத்து ஓவரா இருக்குதுங்க. நாளைக்குப் போனா ஆகாதுங்களா?"

செல்வராசு அண்ணன் பக்கத்து ஊர் டெலிபோன் பூத்துக்குப் போய்த் துரைசாமியிடம் பேசிவிட்டு வந்தார்.

"நாளைக்குன்னா போட்டே வேண்டாங்கறாருங்க. அடுத்த வேலையும் நமக்கில்லையாமா. 'காத்தடிக்கறது பாய்மரக் கப்பலுக்கு நல்லதுதானுங்களே, அண்ணா'ன்னு கேக்கறாருங்க. நான் என்ன பதில் சொல்றது?"

கொங்குநாட்டில் யாரும் யாரையும் மிரட்டமாட்டார்கள். 'ங்க' போட்டுத்தான் ஆற்றில் தள்ளுவார்கள்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "நான் ஓட்டறேனுங்கண்ணா! மயில்சாமி இன்ஜினைப் பாத்துக்கட்டும்!" என்று படகில் தாவி ஏறினேன். எனக்கு நீச்சல் தெரியாது. படகு ஓட்டவும் தெரியாது. டி.வி.எஸ். ஃபிஃப்டி ஓட்டத் தெரியும். அண்ணன் நிம்மதியாகச் சாவியோடு காரில் ஏறி, எங்களை வரவேற்க முன்னால் போய்விட்டார்.

புறப்பட்ட கொஞ்ச நேரத்துக்கு நான் அடைந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது! ஒரு பக்கம் நீலமலை, முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், முகத்தில் சாரல். பம்புசெட் இன்ஜின் டுக்குடுக்கென்று பாட, சுக்கானைப் பிடித்தபடி நான் வாய்விட்டுச் சிரித்தேன். "மயில்சாமி, பாயை விரிங்க!" என்று உத்தரவு போட்டேன்.

விரித்தான். பனியன் துணி காற்றில் இழுபட்டது. இழுபட்டுக்கொண்டே போனது. ஊரிலேயே பெரிய தொந்தி உள்ளவர் போட்ட பனியனைப்போல முன்னால் உப்பி, தண்ணீரைத் தொட்டு, நனைந்து, கனத்து, படகின் மூக்கைக் கீழே அமுக்கியது. திருப்ப முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. நான் பாலித்தீன் மெத்தையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் காலடியில் ஜில்லென்றது. ஜமக்காளம் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

"மயில்சாமி! தண்ணி வருது!"

"ஷாஃப்டுகிட்ட சொட்டுதுங்க. பம்புல ஷாஃப்டச் சுத்தி அடைக்கற கிளாண்டு கொஞ்சம் சொட்டுனாத்தானுங்க நல்லது. அப்படித்தான் வச்சேன்."

"இது பம்பா?"

அவன் ஷாஃப்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இல்லீங்களா?" என்றான் மெதுவாக. சொட்டு இப்போது குழாயாகியிருந்தது. சற்றுக் கழித்து இன்ஜின் ஒரு விக்கல் விக்கி நின்றது. அந்த நிசப்தத்தில் காற்றின் ஓசை இரண்டு மடங்காகக் கேட்டது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமல்லோ?" என்று கேட்டேன்.

"கெணத்துல நீந்துவனுங்க. கெணத்துல சுத்தியும் கல்லு இருக்குமுங்க, புடிச்சுக்கலாம். இங்க புடிக்க ஒண்ணையுங் காணமே!"

தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பூட்டிய பெட்டியைப் பார்த்தோம்.

"ஒடைச்சரலாமுங்களா?" என்றான் மயில்சாமி.

"அண்ணன் திட்டுவாருங்க. டெலிவரி ஐட்டம்" என்றேன் நான்.

இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. சாகப்போகிற இரண்டு பேர், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, ஒரு பாலித்தீன் உறையின் மானத்தைப் பற்றி விவாதித்தோம். பிறகு படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வில் எனக்குத் துரைசாமி மறந்துபோனார், திருப்பூர் மறந்துபோனது. அம்மாவின் முகம் மட்டும் வந்தது. ஸ்பானரைப் பிடுங்கி ஓங்கி ஒரு போடு போட்டேன். பூட்டு உடையவில்லை, பெட்டியே உடைந்தது. (எங்கள் தயாரிப்பு!)

உறையைக் கிழிக்க முடியவில்லை. நகத்தால் முடியவில்லை, என் வீட்டுச் சாவிக்கொத்தால் முடியவில்லை. கடைசியில் பல்லால் கடித்துக் கிழித்தோம். அவன் எனக்கு மாட்டிவிட, நான் அவனுக்கு வார் இழுத்துக் கட்ட, கீழே இருந்த கப்பல் மரியாதையாக விலகிக்கொண்டது.

மூக்கில், வாயில், காதில் தண்ணீர். செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் கவசம் என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்குவதுபோல மேலே தூக்கியது. மிதந்தேன்! மயில்சாமியின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. காற்று எங்களைத் துரைசாமியின் கரையை நோக்கியே தள்ளியது. சொன்ன நாளில், சொன்ன இடத்தில், டெலிவரி ஆகிக்கொண்டிருந்தோம்.

கரையில் பந்தல், வாழைமரம். எங்கள் தலைகளைக் கண்டதும் நாதஸ்வரம் பாதியில் நின்றது. டென்மார்க்காரர் கேமராவை வீசிவிட்டு, பூட்ஸோடு தண்ணீரில் குதித்து நீந்தி வந்து, எங்கள் இருவரையும் கரைக்கு இழுத்தார். நான் இருமிக்கொண்டே நிமிர்ந்தேன். எதிரே செல்வராசு அண்ணன். அவர் கண் எங்களைத் தாண்டித் தண்ணீரில் எதையோ தேடியது.

"என்னங்க அம்மணி," என்றார், "போட்டப் போட்டுப்போட்டு வந்துபோட்டீங்களா?" (படகை விட்டுவிட்டு வந்துவிட்டீர்களா என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் கேட்பார்கள்.)

என் காலடியில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த மயில்சாமி தலையைத் தூக்கினான். அவன் கோபப்பட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஆளு வந்திருக்கறமுங்க. அது பத்தாதுங்களா?"

அண்ணன் அப்போதுதான் எங்களைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய பாலித்தீன் துண்டைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டுச் சாவியை எடுத்தார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் கண்ணு?" என்று அவர் அழுத அழுகையில், தேற்ற வேண்டியது நாங்களா அவரா என்றே தெரியவில்லை.

டென்மார்க்காரர் துரைசாமியைப் பார்த்து இங்கிலீஷில் வெடித்தார். அங்கே இங்கிலீஷ் ஓரளவு புரிந்தது எனக்குத்தான். ஆகவே ஈரம் சொட்டச் சொட்ட நானே மொழிபெயர்த்தேன்.

"இந்தக் காத்துல இவங்கள அனுப்புனது யாருன்னு கேக்கறாருங்க."

துரைசாமி தொண்டையைச் செருமினார். "காத்து இவ்வளவு இருக்கும்னு தெரியலீங்கன்னு சொல்லும்மா."

"பந்தக்கால ரெண்டு பேரு புடிச்சுட்டு நிக்கறாங்களே, அது எதுக்குன்னு கேக்கறாருங்க." (அவர் அப்படிக் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பில் நான் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.)

மறுநாள் அந்த வெள்ளைக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், துணியைத் தொடாமல் நேரே தீயணைப்பான்களைப் போய்ப் பார்த்தாராம். எல்லாம் உறை பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தனவாம். அவை சுவரில் ஏறி, பூட்டியிருந்த பின்கதவு திறந்த பிறகுதான் ஆர்டர் கொடுத்தார் என்று கேள்வி. எங்கள் பட்டறை மறுபடி தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்பியது. ஒரு வித்தியாசம் மட்டும். யாராவது அவசரம் என்று வந்து நின்றால், செல்வராசு அண்ணன் என்னையோ மயில்சாமியையோ பார்ப்பார். நாங்கள் தலையை ஆட்டினால்தான் வண்டி கிளம்பும்.

அன்று பிடித்த கையை நான் பிறகும் விடவில்லை. பெண் பார்க்க வந்தபோது மயில்சாமியின் அம்மா என் சமையலைப் பற்றிக் கேட்கவில்லை. "பொண்ணு இப்பவாச்சும் நீச்சப் பழகீருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் எங்கள் மகள், நான்கு வருடமாக இருந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றாள். ராத்திரி பகல் பாராமல் வேலை வாங்கி, காய்ச்சலுக்குக்கூட லீவு தராத கம்பெனி. நல்ல வேலையை விட்டுவிட்டாளே என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏங்கண்ணு, போட்டப் போட்டுப்போட்டு வந்துபோட்டியா?" என்றார்.

"ஆமாங்கப்பா. ஆளு வந்திருக்கேன்" என்றாள்.

நான் எழுந்துபோய் அவளுக்குத் தோசை வார்த்தேன்.