மூக்கைக் காக்கப் புறப்பட்டவர்

கியுமர்ஸ் தன் மணவாழ்க்கையில் தானாக எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். மனைவியின் மூக்கை எப்பாடுபட்டாவது காப்பாற்றுவது என்பதே அது. மற்ற முடிவுகளை எல்லாம் மஹ்லகா எடுத்துவிட்டு, அவர் எடுத்ததாக ஊருக்குச் சொல்லிவிடுவாள். ஊரோடு சேர்ந்து அவரும் நம்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் மஹ்லகா சொன்னாள்:

"மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

தேநீரோடு கரையட்டும் என்று கியுமர்ஸ் பல்லிடுக்கில் வைத்திருந்த சர்க்கரைக் கட்டி கரையாமலே தொண்டைக்குள் இறங்கியது.

டெஹ்ரானில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்களில் யாராவது ஒருத்திக்கு மூக்கின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி இருக்கும். பிளாஸ்திரியைப் பிரிக்க வேண்டிய நாள் போன பிறகும் சிலர் பிரிப்பதில்லை. புது மோதிரத்தை யார் கழற்றி உள்ளே வைப்பார்கள்? மேல்மாடி அம்மாள் தூபா கானத்தின் இரண்டு மகள்களும் ஒரே கோடையில் செய்துகொண்டார்கள். அதன் பிறகு மாடிப்படியில் எதிரே வருவது மூத்தவளா இளையவளா என்று தெரியாமல், கியுமர்ஸ் இருவருக்கும் பொதுவாக ஒரு சலாம் வைத்துவிட்டு நழுவுவார்.

ஆனால் மஹ்லகாவின் மூக்கு வேறு. நெற்றியிலிருந்து கம்பீரமாகப் புறப்பட்டு, பாதி வழியில் ஏதோ யோசித்தது போல ஒரு வளைவு வளைந்து, பிறகு கீழே இறங்கும் மூக்கு. அந்த மூக்கைத்தான் அவர் முதலில் பார்த்தார். மீதி மஹ்லகாவைப் பிறகுதான் பார்த்தார்.

அப்போது அவர் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் இளம் ஆய்வாளர். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. கதவை ஒரு சாண் நெம்பி டார்ச் அடித்தார். இருட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளிச்சத்துக்கு வந்தது. "உங்களை யார் ஆய்வாளரா வச்சாங்க?" என்று அந்த மூக்குக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. அன்றைக்கு நின்ற லிஃப்ட் பழுது பார்த்ததும் ஓடிவிட்டது. கியுமர்ஸ்தான் அந்த இரண்டு மாடிகளுக்கு நடுவிலேயே நின்றுவிட்டார்.

இதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. முதலில் வெட்கம். பிறகு வேலை. பிறகு மகன் பிறந்தான், படித்தான், ஹாம்பர்க் போனான். இப்போது சொல்ல நேரம் உண்டு, ஆனால் சொல்லுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. தொலைக்காட்சியின் முன்னால் இருவரும் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். திரை வெளிச்சம் மாறும்போது அவர் ஓரக்கண்ணால் அந்த வளைவைப் பார்ப்பார். அவள் திரும்பினால் செய்தியைப் பார்ப்பார்.

அந்த மூக்குக்குத்தான் இப்போது ஆபத்து.

வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அதில் அவருக்கு முன் அனுபவம் சரியில்லை. பச்சை நிற சோபா வேண்டாம் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். இப்போது அந்தச் சோபாவில் உட்கார்ந்துதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசித்ததில் ஒரு வழி பிறந்தது. குறை கண்டுபிடிப்பதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர் அவர். பதவியில் இருந்தவரை எந்த லிஃப்டையும் முதல் தடவையே தேற விட்டதில்லை. லிஃப்டுக்கே அப்படி என்றால் டாக்டர் எம்மாத்திரம்? வருகிற டாக்டரை எல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தால், மூக்கு இருக்கிற இடத்திலேயே இருந்துவிடும்.

"சரி, பண்ணிக்கோ" என்றார் பெருந்தன்மையாக. "ஆனா டாக்டர் யாருன்னு நான் பாத்துதான் முடிவு பண்ணுவேன். கண்டவன் கையில உன்னைக் குடுக்க முடியாது."

"அதுக்குத்தானே உங்ககிட்ட சொல்றேன்" என்றாள் மஹ்லகா, தேநீரை ஊற்றிக்கொண்டே.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அப்போதே அவருக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். வியர்க்கவில்லை.

முதல் டாக்டரைத் தூபா கானம் சிபாரிசு செய்தாள். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். மற்ற கணவர்கள் அவற்றைத் தூரத்திலிருந்து பார்த்து மிரண்டு உட்கார்ந்திருக்க, கியுமர்ஸ் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப்போட்டு, மேலே ஏறி, ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்று துபாயில் ஒரு வாரப் பயிற்சி. இன்னொன்று ஒரு மாநாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்ததற்கு. மூன்றாவது, நீச்சல். மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுத் தேடியதில், அவர் சளி காய்ச்சலுக்கு மருந்து எழுதும் பொது மருத்துவர் என்று வந்தது. அறுவைச் சிகிச்சை படித்ததற்கான தடயமே இல்லை. கியுமர்ஸ் நாற்காலியிலிருந்து இறங்கி, நீந்தத் தெரிந்தவர் மூக்கில் கைவைக்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியேறினார்.

இரண்டாமவர் உண்மையிலேயே சிறப்புப் பட்டம் பெற்றவர். குறை கிடைக்காதோ என்று கியுமர்ஸுக்கு உள்ளூர நடுங்கியது. ஆனால் அவர் ஆபரேஷனை ஆஸ்பத்திரியில் செய்வதில்லை, தன் மருத்துவ அறையின் பின்கட்டிலேயே முடித்துவிடுகிறார், மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் கிடையாது என்பது பேச்சுவாக்கில் வெளிவந்தது. நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டதற்கு, இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்றார் அவர். வடம் அறுகிற நாள்வரை எல்லா லிஃப்டும் அப்படித்தான் சொல்லும் என்று கியுமர்ஸ் எழுந்துகொண்டார்.

மூன்றாமவர் படங்கள் காட்டினார். செய்வதற்கு முன் எடுத்த படங்களில் பெண்கள் எல்லாம் இருட்டில், உம்மென்று, தலை வாராமல் இருந்தார்கள். செய்த பின் எடுத்தவற்றில் வெளிச்சம், உதட்டுச் சாயம், சிரிப்பு. மூக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே மூக்கு. சரியாக வராத படங்களைக் காட்டுங்கள் என்றார் கியுமர்ஸ். அப்படி ஒன்றும் கிடையாது என்றார் டாக்டர். தவறே செய்யாதவரிடம் நம்மைப் போன்ற சாதாரண மூக்குக்காரர்கள் வரக்கூடாது என்று மஹ்லகாவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

விசித்திரம் என்னவென்றால், இந்த அலைச்சல் அவருக்குப் பிடித்துப்போனது. வியாழக்கிழமை பிற்பகல் ஆனால் மஹ்லகா நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்பாள். ஷேர் டாக்ஸியில் நெருக்கியடித்து உட்கார்வார்கள். ஜன்னலுக்கு வெளியே வலியஸ்ர் தெருவின் மரங்கள் ஓடும். அவற்றின் முன்னால் அந்த மூக்கின் பக்கவாட்டுத் தோற்றம் ஓடாமல் நிற்கும். ஒவ்வொரு டாக்டரையும் தள்ளிவிட்டுத் திரும்பும்போது தஜ்ரிஷில் இறங்கிக் குங்குமப்பூ ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். அவள் மூக்கு நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட அவர் கை பாதி தூரம் போகும். அதற்குள் அவளே துடைத்துக்கொள்வாள். கை திரும்பி வந்து காலிக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும். இந்த நகரத்தில் தகுதியில்லாத டாக்டர்கள் தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று அவர் மனதார வேண்டிக்கொண்டார்.

தீர்ந்துபோனார்கள். நாலாவதாக டாக்டர் பரஸ்தூ வாய்த்தாள்.

சுவரில் ஒரே ஒரு சான்றிதழ். ஒட்டறுவைச் சிகிச்சையில் முறையான பட்டம். பதிவு எண்ணைக் கேட்பதற்கு முன்பே சொன்னாள். எல்லா ஆபரேஷனும் பெரிய ஆஸ்பத்திரியில்தான். மயக்க மருந்து டாக்டரின் பெயர் இது, வேண்டுமானால் அவரையும் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றாள். சரியாக வராத படங்களைக் கேட்டதும் இழுப்பறையைத் திறந்து அவற்றைத்தான் முதலில் எடுத்துப் போட்டாள். எது ஏன் தவறியது, எதைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது என்று ஒளிக்காமல் விளக்கினாள். தேவையில்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னாள். கடைசி நம்பிக்கையாகக் கியுமர்ஸ் அந்தக் கட்டடத்து லிஃப்டைச் சோதித்துப் பார்த்தார். அதுவும் நன்றாக ஓடியது.

அன்றைக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை. யோசிக்க வேண்டும் என்று இழுத்தார். மஹ்லகா அவசரப்படுத்தவே இல்லை. நீங்கள் சொல்கிறவரை நான் நகர மாட்டேன் என்றாள்.

அவரைக் கவிழ்த்தது அவருடைய நாக்குதான். இதற்குள் அவர் புகழ் கட்டடம் முழுக்கப் பரவியிருந்தது. தொப்பை குறைக்க நினைத்தவர்களும் முடி நட்டுக்கொள்ள நினைத்தவர்களும்கூட அவர் கதவைத் தட்டி யோசனை கேட்டார்கள். ஒருநாள் தூபா கானம் தன் தாடையைத் தூக்கி நிறுத்த ஆள் தேடி வந்தாள். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தொழில் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. "இந்த ஊர்ல டாக்டர் பரஸ்தூவைத் தவிர வேற யார்கிட்டயும் போகாதீங்க. கண்ணை மூடிக்கிட்டுப் படுக்கலாம்" என்றார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அடுத்த நிமிடம் மஹ்லகா தொலைபேசியில் பேசுவது கேட்டது. வியாழக்கிழமை நேரம் கிடைத்துவிட்டது.

அந்த வாரம் முழுக்கக் கியுமர்ஸ் அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒளிந்து பார்க்கக்கூட மறந்துபோனார். கீரை ஆய்கிறபோது, மகனோடு பேசுகிறபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறபோது என்று எல்லாக் கோணத்திலும் பார்த்தார். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். வாய்வரை வந்ததை வழக்கம்போல விழுங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை டாக்டர் பரஸ்தூ விளக்கை அருகே இழுத்து, மஹ்லகாவின் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். இருட்டான அறையில் அந்த மூக்கு மட்டும் வெளிச்சத்தில் நின்றது. டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, அந்த வளைவின்மேல் கோடு போடக் கையைக் கொண்டுபோனாள்.

"அதைத் தொடாதீங்க" என்றார் கியுமர்ஸ்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றிருந்தார். இனி உட்கார முடியாது.

"டாக்டரம்மா, உங்க மேல ஒரு குறையும் இல்ல. அந்த மூக்கு மேலயும் ஒரு குறையும் இல்ல. நான் மொதல்ல பாத்ததே அதைத்தான். ஒரு லிஃப்ட் கதவு வழியா பாத்தேன். அன்னிலேருந்து தினம் பாக்கறேன். அதுல ஒரு வளைவு இருக்கே, என் கண்ணு அது வரைக்கும் வந்துட்டா நான் வீட்டுக்கு வந்துட்டேன்னு அர்த்தம்." குரல் உடைந்தது. மனைவி பக்கம் திரும்பினார். "மஹ்லகா, இந்த மூக்கை விட்டுடு. இதைத் தவிர வேற எதை வேணும்னாலும் பண்ணிக்கோ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

மஹ்லகாவின் கண் நிறைந்திருந்தது. அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவர் எத்தனையோ வருடமாகத் தொலைக்காட்சி முன்னால் காத்திருந்தார். பிறகு அவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மூக்கு இருக்கட்டும், டாக்டர். கண்ணிமை ரெண்டும் தொங்கிப்போச்சு. பாக்கறவங்க எல்லாம் ஏன் அழுதேன்னு கேக்கறாங்க. அதைத் தூக்கி விடணும். எப்போ வரட்டும்?"

கியுமர்ஸ் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். டாக்டர் இமைகளைச் சோதித்துவிட்டு, இது நியாயமான தேவைதான், பார்வையையும் கொஞ்சம் மறைக்கிறது என்றாள். அடுத்த மாதத்தில் ஒரு நாள் குறித்தாள். கணவர் இவ்வளவு தூரம் விசாரித்துவிட்டு அழைத்து வருவது அபூர்வம் என்று பாராட்டவும் செய்தாள்.

திரும்பும்போது டாக்ஸியில் அவர் அவள் இமைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இமை எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். நாலு வருஷமாக என்றாள். நாலு வருஷமாக அவர் அதற்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அதில் வந்த தைரியத்தில் கேட்டுவிட்டார்.

"இமைதான் வேணும்னா மொதல்லயே இமைன்னு சொல்லியிருக்கலாமே. எதுக்கு மூக்குன்னு சொல்லி என்னை ஊரெல்லாம் அலைய வச்சே?"

மஹ்லகா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்:

"இமைன்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு நீங்க இமையை விட்டுடுன்னுதானே அழுதிருப்பீங்க."