பத்துக்கு எத்தனை புள்ளி?

துக்க வீட்டில் அப்பனைப் பறிகொடுத்து நிற்கும் மகனிடம் போய், "இப்ப மனசு பத்துக்கு எத்தன புள்ளிங்க?" என்று கேட்கக்கூடிய மனிதன் இந்தத் தீவிலேயே ஒருவன்தான். மலைநாட்டு ஹட்டன் டவுனில் அவனோடு ஒரே அறையில் குடியிருந்த பாவி நான். அன்று அடிக்க வந்தவர்களிடமிருந்து அவனை இழுத்துக்கொண்டு ஓடியதும் நான்தான்.

அவன் சொந்தப் பெயர் டவுனில் யாருக்கும் தெரியாது. புள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரம் படித்துவிட்டு ஒரு கம்பனிக்குக் கம்பியூட்டர் வேலை பார்த்தான். மிச்ச நேரமெல்லாம் கண்ணில் பட்டவர்களிடம் புள்ளி கேட்பான். பஸ் கண்டக்டர் "இறங்குடா மொதல்ல" என்றார். அதைப் பூச்சியம் என்று போட்டுக்கொண்டான். எங்கள் அறைக்குக் கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நானா ரொட்டி தட்டிக்கொண்டே, "தம்பி நீங்க வந்தா நாலு, போனா ஒம்பது" என்றார். அதையும் போட்டுக்கொண்டான்.

என்னிடமும் கொஞ்ச நாள் கேட்டான். பிறகு நிறுத்திவிட்டான்.

"ஏன்டா, நான் மனுசன் இல்லயா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஒங்க கோடு நேரா போகுது. எந்நேரமும் கோவம். ஆராய்ச்சிக்கு ஒதவாது."

இத்தனை கூத்தும் அவன் தங்கச்சிக்காக. வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். காலையில் "அண்ணே, நீதான் என் சாமி" என்பாள். பகலில் "நீயெல்லாம் ஒரு அண்ணனா?" என்பாள். எல்லோரும் தன்னைக் கைவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. பயம் முற்றினால் தன் உடம்பையே காயப்படுத்திக்கொள்வாள். லயத்து வரிசை வீட்டுச் சனம் பேய் என்றது, நடிப்பு என்றது. கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் நெடுநேரம் சொன்னதை நர்ஸ் தமிழில் "கோவம் கூடுன நோய்" என்று முடித்துவிட்டாள். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்ற பெயரையே இவன் இணையத்தில் தேடித்தான் கண்டுபிடித்தான்.

அவள் அடுத்து எப்போது மனம் உடைந்து விழுவாள் என்பதைக் கம்பியூட்டர் முன்கூட்டியே சொன்னால், ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். அதுதான் அவன் திட்டம். அவள் போனுக்கு ஒரு நாளில் பல தடவை கேள்வி போகும். அவள் புள்ளி அனுப்புவாள்.

"சராசரி முக்கியமில்லண்ணே. ஒரு புள்ளியிலேருந்து அடுத்த புள்ளிக்கு எவ்வளவு தாவுறாங்கிறதுதான் கணக்கு. ஒப்பிட்டுப் பாக்க நோய் இல்லாத ஆளுங்க வேணும். ஹட்டன்ல தேடுறேன், கெடைக்கல."

அவள் அனுப்பும் செய்திகளையும் கம்பியூட்டருக்குத் தின்னக் கொடுத்தான். எவனோ வெளிநாட்டான் செய்த மூளை அது. ஒருநாள் அவள் "செத்தேன் போ" என்று எழுதியதும் சிவப்பு எச்சரிக்கை அடித்துவிட்டது. இவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு பஸ் ஏறி, லயத்துக்கு மூச்சிரைக்க ஓடினான். அவள் வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே, சாரத்தோட? நீ அனுப்புன வீடியோவுக்குச் சிரிச்சுச் செத்தேன்னு போட்டேன்."

சில மாதம் கழித்து ஒரு மாலை, அறைக்குள் குதித்துக்கொண்டு வந்தான். "கண்டுபுடிச்சிட்டேண்ணே! விழுற நேரமெல்லாம் ஒரே நேரம்!"

நேரத்தைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது. மலையில் நிற்கும்போது அவள் போனைத் தொட்டால் கங்காணி கத்துவார். ஆகவே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்த பிறகுதான் பதில் போடுவாள். அங்கே கணக்கப்பிள்ளை ஈரத்துக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம் என்று கிலோவை வெட்டுவார். வெட்டினால் யாருக்குத்தான் பத்துப் புள்ளி வரும்?

அதைச் சொன்னேன். அவன் அவளோடு பறிக்கிற பெண்களிடமும் அதே நேரத்தில் புள்ளி வாங்கிப் பார்த்தான். எல்லாக் கோடும் தராசடியில்தான் விழுந்தது. மெஷின் கணக்குப்படி முழு மலைக்கும் ஆளுமைக் கோளாறு!

புள்ளி விழுந்து விழுந்து சிரித்தான். "தங்கச்சிக்கு ஒண்ணுமில்லண்ணே. தராசுக்குத்தான் வியாதி!"

"டேய், மத்தவளுக வீட்டுக்குப் போனா எந்திரிச்சுடுறாளுக. ஒன் தங்கச்சி எந்திரிக்கிறாளாடா?"

காதில் ஏறவில்லை. அந்த மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போகவில்லை. "சும்மா மருந்தத் திங்கிறா" என்றான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல அவளைப் பார்க்கப் போனான். காலையில் அவள் அவனைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாளாம். ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலும் அரைத்து ஊட்டினாளாம். பின்னேரம் அவன் பையைத் தூக்கியதும் தட்டு பறந்தது. "போ. போயிரு. இனி வராத!" கோவம் ஆறிவிடும் என்று பஸ் ஏறினான். பஸ் ஹட்டனைத் தொடுமுன் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது.

அவள் செய்துகொண்டதை இங்கே எழுதமாட்டேன். உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகளை அவன் அதுவரை கணக்கில் சேர்த்ததே இல்லை. தோட்டத்தில் வேலையில்லாத நாள், சேர்த்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று ஒதுக்கிவைத்திருந்தான். இப்போது போட்டுப் பார்த்தான். காலையில் உச்சி. பின்னேரம் பாதாளம். ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே.

"நான் பஸ் ஏறுற நேரம்ணே" என்றான். "தராசு இல்ல. நான்."

"பஸ் ஏறி வேலைக்கு வராட்டி எதடா திம்பீங்க?" என்று கத்தினேன்.

பேசிப் பேசியே தேற்றுகிற சிகிச்சை ஒன்று இந்த நோய்க்கு இருக்கிறதாம். தமிழில் செய்ய அங்கே ஆளில்லை. தேயிலையை ருசி பார்த்துத் தரம் பிரிக்க ஆள் வைத்திருக்கிற நாடு இது. அதைப் பறிக்கிறவள் மனதை அவள் பாஷையில் கேட்க ஒருத்தரை வைக்க முடியவில்லை.

புள்ளி வேலையை விட்டான். இப்போது அதே தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறான். அண்ணன் பக்கத்திலேயே இருப்பதால் அவள் தேறிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். "என்னாலதான் ஒன் வாழ்க்க நாசமாப் போச்சு" என்று அதற்கும் விழுகிறாள். இரண்டு தடவை வார்டுக்குப் போய் வந்தாயிற்று. அவன் படித்த படிப்பு அவள் விழுகிற நேரத்தைச் சொன்னது. தூக்கிவிடுவது எப்படி என்று சொல்லவில்லை.

பொழுது சாய்ந்ததும் எனக்கு ஒரு செய்தி அனுப்புவான். "தங்கச்சி சாப்பிட்டுட்டாண்ணே." அவ்வளவுதான். அது வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.