பதினான்காம் எண் வீட்டில் ஆள் இல்லை

மேல்தெரு 14, ஓத்தர்சுண்ட்
அக்டோபர், புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க குன்வோர் அத்தைக்குச் சுன்னிவா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்காலும் கோழிகளும் மாமாவின் படகு எஞ்சினும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். இந்த விஷயத்துக்கு அது உதவாது.

நேற்று நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான்: "இந்த வீட்டுல நான்தான் குடியிருக்கேன்." அதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. என் வீட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் நகராட்சியின் கட்டடப் பிரிவைப் பார்க்கும் ஸ்வெய்னுங். அவர் மூன்று முறை மணி அடித்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் இருவரும் தலையைச் சாய்த்து, உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தோம். கேட்கவில்லை. என் கோட்டுப் பையில் அந்த வீட்டின் சாவி இருந்தது. "எழுதிக்கம்மா," என்றார் ஸ்வெய்னுங். "காலைல பதினொன்னு பத்து. மூணு தடவ பெல் அடிச்சும் யாரும் கதவத் தொறக்கல." எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று முறையாகச் சொல்கிறேன். ஆகஸ்டில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு பெட்டிகளோடும் பதினொரு அட்டைப்பெட்டிப் புத்தகங்களோடும் கிளம்பி வந்தேன் அல்லவா, அப்போது கையில் வேலை இருந்தது, வீடு இல்லை. நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவு, ஆறு மாதம் தகுதிகாண் காலம். ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதியிருந்தது. எனக்குக் கட்டுப்படியாகும் வீடுகள் மூன்று இருந்தன. முதலாவது, முடிதிருத்தும் கடைக்கு மேலே உள்ள பரண். அங்கே குளியலறையில் மட்டும்தான் நிமிர்ந்து நிற்க முடியும். இரண்டாவது ஒரு நிலவறை. விசாலமாக, சூடாக இருந்தது. ஆனால் படுக்கையறையில் உரிமையாளரின் பெரிய உறைபெட்டி, அதற்குள் பாதி எல்க் மான். "கறி எடுக்க மட்டுந்தான் வருவேன்," என்றார் அவர். "கதவத் தட்டிட்டுத்தான் வருவேன், பயப்படாத." எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்று கேட்டேன். "பசியப் பொறுத்தது," என்றார். மூன்றாவது வீட்டுக்குத் தண்ணீர் கோடைக்காலத்தில் மட்டும் வரும்.

நான்காவதாகக் கிடைத்ததுதான் மேல்தெரு பதினான்கு. வெள்ளை மரவீடு, துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல். ஒஸ்லோவில் இருக்கும் தோர்குன் என்ற அம்மாளுக்கும் அவருடைய இரண்டு தம்பிகளுக்கும் தாய் விட்டுப்போன சொத்து. இந்த ஊர் விதி உங்களுக்குத் தெரியும்: நகர மையத்தில் வீடு வைத்திருந்தால் அதில் வருடம் முழுவதும் யாராவது குடியிருக்க வேண்டும். சொந்தக்காரரோ வாடகைக்காரரோ, மனிதராக இருந்தால் போதும். இல்லையென்றால் விற்கச் சொல்லி நகராட்சி உத்தரவு போடும். கோடையில் நடக்க இடமில்லாத எங்கள் தெருவில் அக்டோபரில் பத்தொன்பது வீடுகளில் பதினொன்று இருட்டு. அந்த இருட்டை மறைக்கத்தான் வாரிசுகள் ஜன்னலில் விளக்கு வைத்து, அதற்கு டைமர் மாட்டிவிட்டு ஒஸ்லோவுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்டவற்றை ஊரில் டைமர் வீடு என்றே சொல்வார்கள். பதினான்காம் எண்ணும் இரண்டு வருடம் டைமர் வீடாகத்தான் இருந்தது. பிறகு தோர்குனுக்குப் பயம் வந்து, மலிவான வாடகைக்கு என்னை வைத்தார். இரண்டு நிபந்தனைகள்: அம்மா வைத்த பொருள் எதையும் நகர்த்தக் கூடாது, ஜன்னலில் இருக்கும் பிளாஸ்டிக் ஜெரேனியப் பூக்கள் உட்பட; நகராட்சிக்கு நாமாக எதுவும் எழுதக் கூடாது. "கேட்டா சொல்லிக்கலாம்," என்றார். "ஆனா ஒன்னு, அங்கருந்து ஒரு நோட்டீஸ் வந்துச்சுன்னா வித்துடுவோம். தம்பிங்க ரெண்டு பேரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கானுங்க." நான் சரி என்றேன். எதுவும் எழுத வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம் என்ற நிபந்தனையை என்னைவிட மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும் குடித்தனக்காரி நார்வேயிலேயே கிடைக்கமாட்டாள்.

அத்தை, என் வாழ்க்கை ஒழுங்கானது என்று நீங்களே பாராட்டியிருக்கிறீர்கள். நாலு பத்துக்கு வீடு திரும்புகிறேன். முன்கதவு மழையில் ஊதிப்போய் இறுகிக்கொள்வதால் பின்பக்கமாக உள்ளே போகிறேன். சாப்பிட்டுவிட்டு ஐந்தரைக்கு ஜன்னல் விளக்கைப் போட்டு, அதன் கீழே உள்ள தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறேன். பத்தரைக்கு அணைக்கிறேன். முகவரி மாற்றும் படிவத்தை இன்னும் அனுப்பாததால் எனக்கு வரும் கடிதங்கள் உங்கள் வீட்டுக்கே வருகின்றன. ஆகவே, தெருவிலிருந்து பார்ப்பவருக்கு பதினான்காம் எண் வீட்டில் தெரிவது இவ்வளவுதான்: வாடாத பூ, திறக்காத கதவு, காலியான தபால்பெட்டி, தினமும் ஒரே நிமிடத்தில் எரிந்து ஒரே நிமிடத்தில் அணையும் ஒரு விளக்கு.

தெருவிலிருந்து பார்ப்பவர் எதிர்வீட்டு அஸ்லாக் என்ற அம்மாள். சுங்கத் துறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செப்டம்பர் கடைசியில் அவருடைய முதல் புகார் நகராட்சிக்கு வந்தது. நகராட்சிக்கு வரும் கடிதங்களைப் பிரிப்பது, முத்திரையிடுவது, பதிவெண் கொடுப்பது என் வேலை. பிரித்தேன். "மேல்தெரு 14இல் யாரும் வசிக்கவில்லை. பதினேழு நாள் கண்காணித்தேன். விளக்கு 17.30க்கு எரிகிறது, 22.30க்கு அணைகிறது. ஒரு ஞாயிறு மட்டும் நாற்பது நிமிடத் தாமதம், மின்தடையாக இருக்கலாம்." அந்த ஞாயிறு நான் தூங்கிவிட்டேன். முத்திரையிட்டு, எண் கொடுத்து, ஸ்வெய்னுங் மேசையில் வைத்தேன். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவர் அதை உரக்கப் படித்தார். "அஸ்லாக் அம்மாவுக்குப் பொழுது போயிடுச்சு," என்று கணக்குப் பிரிவில் யாரோ சொன்னார்கள். "ஆனா நல்ல டைமர்ப்பா. எங்க வாங்குனாங்கன்னு கேளு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த தவறு. அந்த நிமிடம் சொல்லியிருந்தால் அது ஒரு சாதாரணத் தகவல். சிரித்து முடித்த பிறகு அதே வாக்கியம் குற்ற ஒப்புதல் ஆகிவிட்டது.

சரி, வாயால் சொல்ல முடியாததை நடத்தையால் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். மறுநாள் மாலை நாற்காலியை விட்டு எழுந்து, பூச்சட்டிகளுக்கு நடுவில் நின்று, எதிர்வீட்டைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அங்கே திரைச்சீலை சட்டென்று மூடியது. மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு இரண்டாவது கடிதம் வந்தது. "தற்போது ஜன்னலில் துணிக்கடைப் பொம்மை ஒன்றை நிறுத்தியுள்ளனர். ஒரு கை அசையும்படி அமைத்துள்ளனர். நகராட்சியை எவ்வளவு எளிதாக நினைக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று." முத்திரையிட்டேன். அடுத்த வாரம் விளக்கைக் கண்ட நேரத்தில் போட்டும் அணைத்தும் பார்த்தேன்; ஒரு நாள் ஏழு மணிக்கு அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து, கதையில் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கடிதம்: "ஒழுங்கற்ற நேரங்களில் இயங்கும் புதிய வகை டைமரை வாங்கியுள்ளனர். இதற்குப் பணம் இருக்கிறதாம்."

போன சனிக்கிழமை தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இலை கூட்டும் நாள். நானும் இலை வாரும் வாரியை எடுத்துக்கொண்டு போனேன். இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? தெருவில் குடியிருப்பவர்கள் மட்டும்தானே தெருவைக் கூட்டுவார்கள். அஸ்லாக் என் பக்கத்திலேயே வந்து நின்றார். இறுகக் கட்டிய தலைத்துண்டு, என்னுடையதைவிடப் பெரிய வாரி.

"நீ நகராட்சி ஆபீஸ்ல கவுண்டர்ல இருக்கற பொண்ணுதானே?"

"ஆமாங்க."

"சனிக்கிழமைகூட அனுப்பிடறாங்களா உங்கள? பாவம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வந்ததுதான் வந்த, பதினாலாம் நம்பரக் கொஞ்சம் பாத்துட்டுப் போ. ஒரு ஈ காக்கா கெடையாது உள்ள. ரெண்டு வருஷமா நாடகம் ஆடறாங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எல்லோருக்கும் சுட்டு வைத்திருந்த வாஃபிள் அப்பத்தில் ஒன்றை மடித்து என் கையில் வைத்துவிட்டார். வாயில் வாஃபிளோடு போய் பதினான்காம் எண்ணின் முன்னால் இருந்த இலைகளைக் கூட்ட ஆரம்பித்தேன். அஸ்லாக் மற்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "பாருங்கய்யா, ஆளில்லாத வீட்டு எலையையும் இந்தப் பொண்ணுதான் கூட்டுது! அந்த தோர்குனுக்கு வெக்கம் வேணாம்?" தெருவே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. யாரோ இன்னொரு வாஃபிள் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நேற்று ஸ்வெய்னுங் என் மேசைக்கு வந்து, "சுன்னிவா, உன் கையெழுத்து நல்லாருக்கு, குறிப்பெடுக்க வா," என்று கூப்பிட்டார். நாங்கள் போன நேரமும் வேலை நேரம், அந்த வீட்டில் குடியிருப்பவள் வேலைக்குப் போயிருக்கும் நேரம். திரும்பி நடக்கும்போது ஸ்வெய்னுங் சொன்னார், "பதிவேட்டுல தோர்குன் பேரு இருக்கு. அவங்க ஒஸ்லோவுல இருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அனுப்பிடலாம்." அதை அனுப்ப வேண்டியவளும் நான்தான். அது போய்ச் சேர்ந்த அன்றே தம்பிகள் தரகரைக் கூப்பிடுவார்கள். அப்புறம் எனக்கு எல்க் மானோடு குடித்தனம், அல்லது வேலையை விட்டுவிட்டு உங்கள் வீட்டு மாடியறை. அத்தை, உங்கள் மாடியறை நல்ல அறைதான். ஆனால் இங்கே காலையில் துறைமுகத்தைப் பார்த்துக் காபி குடிக்கும்போது, முப்பது வயதுக்கு முன்னால் எனக்கென்று ஒரு கதவு கிடைத்துவிட்டது என்று நினைப்பேன். அது திறக்க மறுக்கும் கதவாக இருந்தாலும்.

ஆகவே என் விண்ணப்பம்: நீங்கள் உடனே வர வேண்டும். இரண்டு நாய்களோடும் வர வேண்டும். சிவப்புக் காரைச் சரியாக அஸ்லாக் வீட்டுக்கு எதிரே நிறுத்துங்கள். தெருவில் இறங்கியதுமே "சுன்னிவா! ஏ சுன்னிவா!" என்று, மாமாவைப் படகிலிருந்து கூப்பிடுவீர்களே, அந்தக் குரலில் கூப்பிடுங்கள். பிறகு வாசலில் நின்று யாரிடமாவது ஒரு மணி நேரம் பேசுங்கள். என்னால் இரண்டு மாதத்தில் நிரூபிக்க முடியாததை நீங்கள் காரை விட்டு இறங்குவதற்குள் நிரூபித்துவிடுவீர்கள். உங்கள் வாய்க்கு இத்தனை நாள் நான் காட்டிய பொறுமையின்மைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். கோழிகளுக்கு விசாரிப்பு. உங்கள் முழங்காலுக்குக் குளிர்காலம் கருணை காட்டட்டும்.

என்றும் அன்புள்ள,
சுன்னிவா

பின்குறிப்பு: இன்று நவம்பர் ஐந்து. நகராட்சித் தபாலையெல்லாம் அன்றன்றே அனுப்பும் நான், இந்தக் கடிதத்தை இரண்டு வாரம் பையிலேயே வைத்திருந்தேன். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். வரவும் வேண்டாம்.

இதை எழுதிய மறுநாள் வியாழக்கிழமை, சாப்பாட்டு அறையில் ஸ்வெய்னுங் நோட்டீஸை உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அந்த வீட்டுல நான்தான் குடியிருக்கேன்." அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"எப்பலருந்து?"

"ஆகஸ்ட்லருந்து."

"அப்ப அன்னிக்கு நான் பெல் அடிச்சப்ப ஏன் தொறக்கல?"

"நான் உள்ள இல்லையே. உங்க கூட வெளியில நின்னேன்."

அவர் என் குறிப்பை எடுத்துப் படித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்று மறுபடி ரொட்டியை எடுத்தார். "அக்கம்பக்கத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா, கோப்ப மூடிடலாம்."

அன்று மாலை அஸ்லாக் வீட்டு மணியை அடித்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. படிவத்தை நீட்டிக்கொண்டே சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் என்னையும் எதிர்வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கையாட்டுனது?"

"நான்தான்."

"ரொம்ப வெறப்பா இருந்துச்சு."

"பழக்கம் இல்லைங்க."

"தெனமும் அஞ்சு மணி நேரம் என்னதான் பண்ற உள்ள?"

"படிக்கறேன்."

"ஒரே நாற்காலில? அசையாம?"

"ஆமாங்க."

"அப்ப என்மேல தப்பு இல்ல," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் 'ஆள் வசிக்கிறார்' என்று அச்சிட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், 'நேரில் பார்த்தேன்' என்று தன் கையால் எழுதி, தேதியும் நேரமும் போட்டார்.

வெள்ளிக்கிழமை கோப்பு மூடப்பட்டது. நோட்டீஸ் போகவில்லை. முகவரிப் படிவத்தை அனுப்பிவிட்டேன். தோர்குனும் தம்பிகளும் மகிழ்ந்துபோய் என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். ஜூலை மாதம் மட்டும் அதில் சேராது. விடுமுறைக்கு அவர்கள் வருவார்களாம், அந்த மாதம் நான் வெளியே இருக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலை முதல் தேதி உங்கள் மாடியறைக்கு வருகிறேன்.