மாமனாரின் விண்டோஸ்

"மாப்ள, கொஞ்சம் விண்டோஸுக்கு மாத்திக் குடுக்கறீங்களா? ஒரே ஒரு ஆட்டம்."

மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடித் திறந்தார். சலவை இயந்திரக் கையேடு ஒன்று, 'கதவு சரியாக மூடப்படாவிட்டால்' என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. திரை முழுக்க அகராதிகள்.

"இதோ மாமா."

அந்த வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு இயங்குதளங்கள், இரண்டு குடித்தனம். ஒரு பாதியில் லினக்ஸ். அது மாப்பிள்ளையின் பிழைப்பு. மறுபாதியில் விண்டோஸ், அது மாமனாரின் செஸ். அவர் வந்து தங்கிய புதிதில், அப்பாவுக்குப் பொழுது போகவேண்டும் என்று மனைவி எங்கிருந்தோ தேடியெடுத்து வந்த பழைய விளையாட்டு. விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓடாது.

ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்கவேண்டும். ஆகவே மாலையானால் மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் மூடி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வந்ததும் நாற்காலியை மாமனாருக்குக் கொடுப்பார். எழுந்தால் வாசலில் மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள்.

"சும்மாதானே இருக்கீங்க? பூங்கா வரைக்கும் போயிட்டு வரலாம், வாங்க."

மாமனாரிடம் மறுக்க முடியாது. மனைவியிடம் மறுக்கக் காரணம் கிடைக்காது. திரும்பி வந்து உட்கார்ந்தால், எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் போன இடம் தெரியாது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் 'சர்வரு'க்குப் போன் செய்தார். அந்த நண்பருக்கு ஓட்டலில் வேலை இல்லை. ஓர் அலுவலகத்தில் சர்வர் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர்.

"விண்டோஸ் இருக்கிற பகுதியை வர்ச்சுவல் மெஷினா மாத்திடு" என்றார் சர்வர். "லினக்ஸுக்குள்ளேயே அது பாட்டுக்கு ஓடும். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய்க் கம்ப்யூட்டர். நீ வேலை பாரு, அவர் ஆடட்டும்."

"எழுந்திருக்கவே வேண்டாமா?"

"வேண்டாம். ஆனா முதல்ல நகல் எடு. நேரா டிஸ்க்குல கை வைக்காதே."

நகல் எடுக்க டிஸ்க்கில் இடம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் நேராகவே கை வைத்தார்.

பொய்க் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எழுந்தது, நீலத் திரையைக் காட்டிவிட்டு விழுந்தது. பிறகு, பழுது பார்க்கட்டுமா என்று பணிவாகக் கேட்டது. பார் என்றார். அது பார்த்தது, உள்ளே இருந்த பொய்யை அல்ல, வெளியே இருந்த மெய்யை. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டபோது லினக்ஸுக்குப் போகும் வழியையே காணோம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, இன்னைக்கு நீங்களே விண்டோஸ்ல இருக்கீங்க?"

"நான் இல்ல மாமா. அதுதான் இருக்கு."

"எனக்காக எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க? பழைய மாதிரியே இருக்கட்டுமே."

"அதான் அப்பாவே சொல்றாரே, விட்டுடுங்க" என்றாள் மனைவி.

"அவர் பெருந்தன்மையா சொல்றாரு. அதைக் கேட்டுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியுமா?"

கையேடு மறுபாதியில் அடைபட்டுக் கிடந்தது. கேட்டிருந்த நிறுவனம் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை போன் செய்தது. "கதவு திறக்கலைங்க" என்றார் இவர். கையேட்டைப் பற்றிச் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வேலை செய்ய வழியில்லாததால் மனைவி அவரை அன்று இரண்டு தடவை பூங்காவுக்கு இழுத்துப் போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. புருஷன் தவிக்கும்போது இவளுக்கென்ன சந்தோஷம் என்று அவருக்கு மனத்தாங்கலாகவே இருந்தது.

சர்வர் திட்டிக்கொண்டே வழி சொன்னார். பென்டிரைவ் வழியாக உள்ளே புகுந்து லினக்ஸை மீட்டதும், கையேடு பத்திரமாக இருந்தது. முடித்து அனுப்பினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெளியே செருகும் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, இந்த முறை முறைப்படி நகல் எடுத்து, பொய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினார். விண்டோஸ் எழுந்து நின்றது. நின்றதும், இடம் புதிதாக இருக்கிறதே, உரிமத்தை மறுபடி உறுதிசெய் என்றது.

வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் பேசினாள். "கம்ப்யூட்டரை மாத்திட்டீங்களா சார்?"

"இல்லம்மா, அதே கம்ப்யூட்டர்தான். இது அதுக்கு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்."

"மொத்தம் எத்தனை கம்ப்யூட்டர் சார்?"

"ஒண்ணுதாம்மா. அதுதான் பிரச்சினையே."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, எண்களைக் கேட்டுக்கொண்டு வேலையை முடித்துக் கொடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் இனி திரும்பிப் போகும் பேச்சே கூடாது என்று பழைய விண்டோஸ் பகுதியை அழித்து, அந்த இடத்தையும் லினக்ஸுக்கே எழுதிவைத்தார். அலமாரியில் கிடந்த டேப்லெட்டில் அந்தப் பொய்க் கம்ப்யூட்டரின் திரை தெரியும்படி செய்தார். செஸ் பலகை பளிச்சென்று வந்தது.

மறுநாள் மாலை. மாமனார் வழக்கம்போல வந்து நின்றார்.

"மாப்ள, கொஞ்சம் விண்டோஸுக்கு..."

"தேவையே இல்ல மாமா." டேப்லெட்டை இரு கையாலும் நீட்டினார். "இனிமே நீங்க எப்ப வேணாலும், கட்டில்ல படுத்துக்கிட்டே ஆடலாம். நான் இந்த நாற்காலியை விட்டு அசையவே வேண்டாம்."

வாசலில் ஒரு கால் செருப்பை மாட்டியிருந்த மனைவி, அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாமனார் டேப்லெட்டைப் பார்த்தார், மகள் போன திசையைப் பார்த்தார். ஒரு காயும் நகரவில்லை.

"ஏன் மாமா, ஆடலையா?"

"குதிரை எப்படிப் போகும்னுகூட எனக்குத் தெரியாது மாப்ள, சாயங்காலமானா உங்களை அந்த நாற்காலியை விட்டுக் கிளப்பி அவகூட நடக்க அனுப்பணும்னு எம்பொண்ணுதான் என்னை உக்கார வச்சா."