அணைக்கவா என்று கேட்ட கம்ப்யூட்டர்

"என்னை வெளியேறுங்குதும்மா" என்று மருமகளின் அறை வாசலில் வந்து நின்றார் மாமனார்.

அவள் கல்யாணமாகி வந்த ஆறு மாதத்தில் அவர் அவளிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான். வழக்கமாக "சாப்பிட்டாச்சாம்மா?" என்பார். "ஆச்சு மாமா" என்பாள். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும். கணவன் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை ஹாலில் அவர், அறையில் அவள், நடுவில் ஒரு சாத்திய கதவு.

அவளுக்குப் பேச ஆசைதான். பிறந்த வீட்டில் அப்பாவோடு மல்லுக்கு நின்றே வளர்ந்தவள். இங்கே வாயாட ஆளில்லாமல் தவித்துப் போயிருந்தாள். ஆனால் நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற மனிதரிடம் என்னவென்று ஆரம்பிப்பது?

"யாரு மாமா வெளியேறச் சொன்னது?"

"கம்ப்யூட்டர்தான்."

ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். போன வாரம்தான் ஆளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை ஓட்டும் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வேறொரு சிஸ்டத்தைப் போட்டிருந்தார். மெனுவெல்லாம் தமிழ். மூலையில் 'வெளியேறு' என்று ஒரு பொத்தான்.

"வேலை முடிஞ்சா இதை அழுத்தணும், அவ்வளவுதான் மாமா."

"அது சரி. ஆனா பேச்சைப் பாரு. நுழைங்குது, தேடுங்குது, அழிங்குது. ஜட்ஜுகூட என்னை நீ, வா, போன்னு பேசினதில்லையே!"

அந்தச் சிஸ்டத்தைத் தமிழாக்கியதே அவள்தான். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவளுடைய பிழைப்பு. மிச்ச நேரத்தில் இந்தத் தமிழாக்கம். 'நான்தான் மாமா அது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வெட்கத்தில் "பழகிடும் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"இதை எழுதினவங்களுக்கு ஒரு லெட்டர் போடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா போடலாம் மாமா" என்று மொழிபெயர்ப்புக் குழுவின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தாள். குழு என்றால் நாலு பேர். அதில் மூன்று பேர் பேருக்கு இருந்தார்கள். கடிதத்தைத் திறந்து படிப்பவள் இவள் ஒருத்திதான்.

பத்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தது. 'மேற்படி கணினி, வீட்டுக்காரனாகிய என்னையே வெளியேறச் சொல்கிறது. இது முறையன்று.'

'ஐயா, உடனே சரிசெய்கிறோம். இப்படிக்கு, குழு' என்று பதில் போட்டுவிட்டு அவள் ராத்தூக்கம் வரும்வரை உட்கார்ந்து மாற்றினாள். அழி என்பது அழியுங்கள் ஆனது. தேடு, தேடுங்கள் ஆனது. மாமனார் மனம் குளிரட்டும் என்று 'வெளியேறு' மட்டும் 'தயவுசெய்து வெளியேறுங்கள்' ஆயிற்று.

இரண்டு நாளில் புதுப்பிப்பு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. பொத்தானில்தான் அத்தனை எழுத்துக்கு இடமில்லை. 'தயவுசெய்து வெளியே' என்பதோடு நின்றுவிட்டது.

இரண்டாவது கடிதம்: 'முன்பு அதட்டி விரட்டியது. இப்போது கும்பிட்டு விரட்டுகிறது.'

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போகிறேன்' என்றா சொல்வார்கள்? 'போய்வருகிறேன்' என்று மாற்றினாள். இது மாமனாருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. 'இதுவல்லவோ தமிழ்' என்று ஒரு வரி பாராட்டே எழுதினார். கூடவே ஒரு பின்குறிப்பு இருந்தது.

'போய்வருகிறேன் என்பதை அழுத்தியதும் கணினி "அணைக்கவா?" என்று கேட்கிறது. என் மனைவி காலமாகி ஐந்து வருடமாகிறது. அதன்பிறகு என்னிடம் இப்படிக் கேட்ட முதல் ஆள் இதுதான். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.'

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீரும் வந்தது.

"என்னம்மா சத்தம்?" என்று கதவுக்கு வெளியே குரல்.

"ஒண்ணுமில்ல மாமா, இருமல்!"

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே ஸ்டூலில் ஒரு டம்ளர் வெந்நீர் இருந்தது. ஆளைக் காணோம்.

அந்த வெந்நீரைக் குடித்த வேகத்தில்தான் அவள் பெரிய தப்பைச் செய்தாள். 'அணை' என்று வரும் இடமெல்லாம் 'தூங்கு' என்று மாற்றும்படி கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளை போட்டாள். போடும்போது மூன்று சுழி ண-வுக்குப் பதில் இரண்டு சுழி ன-வை அடித்துவிட்டாள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? சொன்னதைச் செய்தது. 'அணைக்கவா' அப்படியே இருக்க, 'அனைத்து' எல்லாம் தூங்கப் போய்விட்டது.

இரண்டாம் நாள் விடிந்ததும் எல்லோருடைய திரையிலும் 'தூங்குத்தையும் சேமியுங்கள்', 'தூங்குத்துக் கோப்புகளும்' என்று நின்றது. எங்கெங்கோ இருந்து ஏச்சுக் கடிதங்கள் வந்து குவிந்தன. 'தூங்கிக்கொண்டே மொழிபெயர்த்தீர்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பேருக்கு இருந்த மூன்று பேரும் திடீரென்று உயிர்பெற்று விளக்கம் கேட்டார்கள்.

அவள் பயந்தது மாமனாரின் நான்காவது கடிதத்துக்குத்தான். அதுவும் வந்தது. ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் தமிழாக்க வந்துவிட்டார்கள் என்று இருக்கும் என நினைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்தாள்.

'குழுவினர் மனம் தளர வேண்டாம். நானும் ஒரு முறை, "வாதி ஆஜராகவில்லை" என்று அடிப்பதற்குப் பதில் "வாந்தி ஆஜராகவில்லை" என்று அடித்துவிட்டேன். ஜட்ஜும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வீட்டில் மருமகள் இருக்கிறாள், நல்ல பெண். அவளிடம் பேச வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். எப்போதும் வேலையாக இருக்கிறாள். கதவைத் தட்டக் கூச்சமாக இருக்கிறது.'

படித்து முடித்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே குற்ற உணர்ச்சி பிடித்துக்கொண்டது. யாரோ முகம் தெரியாதவர்கள் என்று நம்பி ஒரு மனிதர் நெஞ்சைத் திறந்து கொட்டுகிறார். அதை அடுத்த அறையிலிருந்து ஒளிந்து படிப்பது எந்த ஊர் நியாயம்? இனி நான்தான் அது என்று சொன்னால் அவர் வாழ்நாளுக்கும் இவள் முகத்தைப் பார்ப்பாரா? இப்போது இருக்கும் 'சாப்பிட்டாச்சாம்மா'வும் போய்விடுமே!

ஒரே வழிதான் தோன்றியது. இந்தச் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் பழையதையே போட்டுவிட்டால் புகாரும் இருக்காது, கடிதமும் இருக்காது. குழுவிலிருந்தும் விலகிவிடலாம்.

மறுநாள் மாமனார் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்தாள். இதைப் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

"அண்ணே, பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுடுங்க. ஏதாவது கோளாறு இருந்தா அதையும் சரி பண்ணிக் குடுங்க. மாமா பாவம், இந்தப் புதுசோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கார்."

ரிப்பேர்காரர் பையைக் கீழே வைக்காமல் அவளையே பார்த்தார்.

"பழசுல கோளாறா? அது நல்லாத்தாம்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு. 'தமிழ்ல எழுதினவங்க பட்டியல்ல எங்க மருமக பேரு இருக்குன்னு பையன் சொன்னான், அந்தச் சிஸ்டத்தைப் போட்டாத்தான் அவகிட்ட பேச்சுக் குடுக்க முடியும்'னு உங்க மாமாதான் ஒத்தைக் கால்ல நின்னாரு!"