படகு இழுக்கும் வண்டிக்குக் கண்ணாடி வாங்கிய விவரம்

நெரவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி நெடுமாறனுக்கு,

அண்ணி சாரதாம்பாள் எழுதுவது. இங்கு நானும் வீடும் நல்லபடியாக இருக்கிறோம். தஞ்சாவூரில் நீங்களும் வெண்மதியும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி இருந்தால் போன் வந்திருக்கும். இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் காலமான பிறகு அவருடைய பிக்கப் வண்டியையும் டிரெய்லரையும் நான் நடத்துவதில் உங்களுக்கு இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பழுதான ஃபைபர் படகுகளை இழுத்துக்கொண்டு, காரைக்காலைத் தாண்டி, அரசலாற்றுப் பாலம் ஏறி இறங்கி, நம் கொல்லையில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுவரும் வேலையில் டிரைவர் கலைவாணன் இரண்டு முறை பக்கத்து வீட்டு மெஹர் பானுவின் மதில் சுவரை இடித்தான் என்பதும் உண்மை. இரண்டாம் முறை நீங்களே நின்று பார்த்தீர்கள். "இன்னொரு தடவ எங்கயாவது பட்டுச்சுன்னா வண்டிய வித்துட்டு எங்களோட வந்து இருந்துடுங்க அண்ணி" என்றீர்கள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். மெஹர் பானு மட்டும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒங்க படகு கடல்ல போனதவிட எங்க வூட்டு செவுத்துல ஏறுனதுதான் ஜாஸ்தி" என்றாள். வாக்கையும் மீறாமல் ஊரை விட்டும் கிளம்பாமலிருக்க எனக்கு இருந்த ஒரே வழி, மூன்றாம் முறை இடிக்காமல் பார்த்துக்கொள்வது.

கலைவாணன் மேல் தவறில்லை. நானே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இடது கண்ணாடியில் படகின் நீல வயிறு தெரிந்தது. வலது கண்ணாடியிலும் படகின் நீல வயிறுதான் தெரிந்தது. வண்டியோடு கம்பெனியில் வந்த கண்ணாடி வண்டியின் அகலத்துக்குச் செய்தது. படகோ வண்டியை விட அகலம். பின்னால் இழுப்பது அகலமாக இருந்தால் கண்ணாடி அதையும் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் உங்கள் அண்ணனுக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, குறித்துவைக்கிறேன்.

முதலில் பாரதியார் சாலையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் தௌஹீத்திடம் போனோம். அவர் லாரிக்குப் போடும் நீளக் கம்பிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். மாட்டிய பிறகு வண்டி இரண்டு கையிலும் தாம்பாளம் ஏந்திக்கொண்டு சீர்வரிசைக்குப் புறப்பட்டது போல இருந்தது. நெடுஞ்சாலையில் பிரமாதமாகத் தெரிந்தது. ஆனால் நம் சந்துக்குள் நுழைய வேண்டுமென்றால் இரண்டையும் மடக்க வேண்டும். மடக்கினால் ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் தேவையோ அந்த இடத்தில் மட்டும் இல்லாத கண்ணாடி எதற்கு என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்து, பழைய கண்ணாடியின் மேலேயே ரப்பர் பட்டை போட்டு இறுக்கும் ஒட்டுக் கண்ணாடி. கழற்றி மாட்ட சுலபம், ஆனால் கடல்காற்றில் அது நடுங்குகிற நடுக்கத்தில் ஒரு பஸ் இரண்டு பஸ்ஸாகத் தெரிந்திருக்கிறது. கலைவாணன் ஓரங்கட்டி ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டுவிட்டு, இரண்டாவது பஸ் வரட்டும் என்று ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருக்கிறான். நல்ல பையன். மரியாதை தெரிந்தவன்.

மூன்றாவது, புடைத்த கண்ணாடி. அகலமாக எல்லாம் தெரிகிறது, ஆனால் எல்லாம் எட்டப்போய் நிற்கிறது. மெஹர் பானுவின் ஆடு டயரை உரசிக்கொண்டு நிற்க, கலைவாணனுக்கு அது திருநள்ளாற்றில் மேய்வது போலத் தெரிந்ததாம். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தலையை வெளியே நீட்டி, "ஏங்க, செவுரு முடிஞ்சுது, இப்ப ஆட்டுக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டதோடு சரி.

அதற்கப்புறம்தான் நான் தௌஹீத்தைக் கேட்காமல், என்ன வேண்டுமென்று அவருக்குச் சொன்னேன். கம்பி இழுத்தால் நீள வேண்டும், தள்ளினால் உள்ளே போக வேண்டும், உள்ளே போனாலும் முகம் பின்பக்கமே பார்க்க வேண்டும். மேலே தட்டைக் கண்ணாடி பெரிதாக, தூரத்தைச் சரியாகக் காட்ட. கீழே புடைத்தது சிறிதாக, டயர் ஓரத்தைக் காட்ட. கம்பி கையில் பிடித்தால் அசையக் கூடாது. "அம்மா, இவ்ளோ பாத்து யாரும் மாப்ள எடுக்கறதில்லங்க" என்றார். மாப்பிள்ளையை டிரெய்லருக்கு மாட்டுவதில்லை என்றேன். வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கலைவாணனை விரித்த குடையோடு படகின் பின்னால் நடக்கவிட்டு, குடை எந்த இடத்தில் மறைகிறது, எந்த இடத்தில் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்துக் கம்பியை நீட்டினேன். "லைசென்ஸ் எடுக்கப் போறீங்களாக்கா?" என்றாள் மெஹர் பானு. நான் கம்பியை இன்னும் ஒரு விரல் நீட்டினேன். எங்கு நின்றாலும் குடை தெரிந்தது.

ஒரே ஒரு தொந்தரவு வந்தது. கோட்டுச்சேரிமேட்டில் படகு ஏற்றும் நேரத்தில் மீன் விற்கிற பெண்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடியில்தான் தலை வாருகிறார்கள். அவரவர் உயரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள். அது போதாதென்று ஒருத்தி முகம் கழுவும்போது நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, நம் வீட்டுப் பெண்கள் செய்வது போலவே, கண்ணாடியில் ஒட்டிவிட்டு மறந்து போய்விட்டாள். அன்றைக்கு வழிநெடுக கலைவாணனுக்கு ஒரே கலக்கம். "பின்னாடி ஒரு வண்டி செவப்பு லைட்ட போட்டுக்கிட்டே வருதும்மா. வழி வுட்டாலும் முந்த மாட்டேங்குது, நிறுத்துனா அதுவும் நிக்குது" என்றான். போலீஸாக இருக்குமோ என்று சந்துக்குள் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தான். நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். அன்றிலிருந்து கடற்கரையில் வண்டி நிற்கிற நேரம் முழுக்க கண்ணாடியை விட்டு நகரக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ படகு வந்துவிட்டது, ஒரு சுண்ணாம்புத் துகள் உதிரவில்லை. மெஹர் பானு சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறாள். இதைவிட நற்சாட்சி வேண்டாம். ஆகவே நான் தஞ்சாவூர் வருவதற்கில்லை. எனக்கென்று காலி செய்து வைத்த அறையில் வெண்மதி துணி காயப் போட்டுக்கொள்ளலாம். இப்போதுகூட கலைவாணன் படகோடு வந்துகொண்டிருக்கிறான்; இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன்.

உங்களுக்கும் வெண்மதிக்கும் நீண்ட ஆயுளும், கேட்கிற பொறுமையும் உண்டாகட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
சாரதாம்பாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வண்டி வந்துவிட்டது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கலைவாணன் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணாடின்னா இதாம்மா கண்ணாடி. பாலத்துலேர்ந்து பின்னாடி ரோடு மொத்தமும் தெரிஞ்சுது. படகு மறைக்கவே இல்ல" என்றான்.

"படகு எங்கே?" என்று கேட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தான்.

கண்ணாடிக்குக் காவல் நின்றதில் டிரெய்லரை வண்டியோடு பூட்டும் கொக்கிக்கு ஊசி மாட்ட மறந்திருக்கிறான். பழுது பார்க்க வந்துகொண்டிருந்த சிங்காரவேலுவின் படகு டிரெய்லரோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் வயலுக்குள் இறங்கி, கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நேராக நிற்கிறது. யாருக்கும் அடியில்லை. மெஹர் பானு கூடவே வந்து பார்த்துவிட்டு, "எங்க செவுத்துல படலியேக்கா, இது எப்புடி கணக்குல வரும்? அவருக்கு எழுதாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் வரப்பு ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. எங்கயாவது பட்டால் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். வரப்பும் ஒருவர் போட்டதுதான்.

வண்டியை எடுத்துக்கொள்ள ஆள் பார்த்து அனுப்புங்கள். டிரெய்லரும் சேர்த்தே போகட்டும். கண்ணாடிகளைத் தர மாட்டேன், கழற்றிக் கையோடு கொண்டுவருகிறேன். எனக்கென்று காலி செய்த அந்த அறை ஜன்னலில் மாட்டுவதற்கு, கம்பி எவ்வளவு தடிமன் என்று அளந்து எழுதவும்.