கூறைச் சேலையின் நிறம் மீட்ட படலம்

வாழ்க பாறூக்! வாவி சூழ் மட்டக்களப்பு நாட்டின் வடபால் விளங்கும் ஓட்டமாவடிப் பதியில், ஸ்டூடியோ என்னும் ஒற்றைக் கதவுக் கோட்டைக்கு வேந்தன். கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பிய ஸ்கேனர் என்னும் ஒளிவாள் ஏந்திய தோளன். அடையாள அட்டைப் படங்களில் ஆயிரம் கரிய முகங்களை வெள்ளையாக்கியும் ஒரு முறைப்பாடு கேளாத செவியன்! அவன் புகழைப் பாட நமக்கிருப்பது ஒரே நாக்கு. அதுவும் வெயிலில் உலர்ந்து கிடக்கிறது.

போர் மறுபடி மூண்டு, சோதனைச் சாவடிக்குச் சாவடி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த இரண்டாயிரத்தாறின் கச்சான் காற்றுக் காலத்தில், சித்தாண்டியிலிருந்து புஸ்பமும் கணவர் கனகசிங்கமும் ஒரு நெகட்டிவ் துண்டோடு அக்கோட்டை வாசலை அடைந்தனர். தொண்ணூறில் ஓடிய ஓட்டத்தில் வீடு போனது, கல்யாண அல்பம் போனது, கூறைச் சேலையும் போனது. காணி உறுதிப் பத்திரத்துக்குள் ஒட்டிக்கிடந்த இந்தத் துண்டு மட்டும் மிஞ்சியது. மகளுக்கும் அதே நிறத்தில்தான் கூறை என்பது புஸ்பத்தின் வைராக்கியம். எந்த நிறம்? அரக்கு என்றார் கணவர்; கத்தரிப்பூ என்றாள் அவள். காத்தான்குடிச் சேலைக்கடைக்காரரோ, சும்மா வாயால் சொன்னால் தன்னால் எடுத்துத் தர ஏலாது என்றுவிட்டார்.

“மூன்றாம் நாள் வாருங்கள். அந்தச் சேலையை அந்த நிறத்திலேயே தராவிட்டால் இந்தக் கடைப் பலகையை நானே கழற்றுவேன்!” என்று முழங்கினான் பாறூக்.

மூண்டது போர். செம்மஞ்சள் படலம் போர்த்த அந்நெகட்டிவை நேர்ப்படமாக்கிய முதல் நாளே, பந்தலும் பலகாரமும் மாப்பிள்ளையின் மீசையும் வாவியில் முக்கி எடுத்தவை போல நீலம் பாய்ந்து நின்றன. கணினித் திரை பொய் சொல்கிறதோ என்று ஐயுற்ற வீரன், ஐந்து தாள்களில் அச்சடித்துப் பார்த்தான். ஐந்தும் நீலமே. இரண்டாம் நாள், கற்றோர் கைக்கொள்ளும் மந்திரத்தை எய்தான்: படத்தில் வெள்ளையான பொருளைத் தொட்டு, இதுவே வெள்ளை எனக் கணினிக்கு ஆணையிட்டால், மற்ற நிறங்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு தத்தம் இடம் சேரும். கனகசிங்கத்தின் கல்யாண வேட்டியைத் தொட்டான். வேட்டி பாலாய் வெளுத்தது. உடனே மணமக்கள் இருவருக்கும் மஞ்சட் காமாலை கண்டது, சேலை செங்கல்லாய்க் காய்ந்தது. தொட்டான், துடைத்தான், மீண்டும் தொட்டான். உண்ணவில்லை, மனைவி நஸீறா அனுப்பிய தேத்தண்ணியை எறும்புகளுக்கு ஈந்தான், காமாலை தீரவில்லை.

மூன்றாம் நாள் கணவரோடு வந்தாள் புஸ்பம். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. இது வேறு யாருடைய கல்யாணமோ என்றாள். வேட்டியை நம்பியே போரிட்டதாக வீரன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

“ஐயோ தம்பி, அந்த வேட்டி வெள்ளையே இல்ல. இவர்ட அம்மா நீலத்தக் கனக்கப் போட்டுத் தோய்ச்சவ. என்ட கொண்டையில இருக்கிற மல்லிகையப் பாருங்க. அதுக்கு ஒருத்தரும் நீலம் போடல்ல.”

கனகசிங்கம் தெருவைப் பார்த்தார்.

மல்லிகையைத் தொட்டான் பாறூக். அஞ்சிய வேட்டி தன் நீலத்தை ஒப்புக்கொண்டது, காமாலை இறங்கியது, பதினாறு ஆண்டுகள் தொலைந்திருந்த அந்தச் சேலை, செம்மையும் ஊதாவும் கலந்து, கரையில் சரிகை மினுங்க, திரையில் எழுந்து நின்றது. புஸ்பத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அரக்குமில்லை, கத்தரிப்பூவுமில்லை, வாழைப்பூவின் இரண்டாம் மடல் என்றாள் மெல்ல. “வென்றேன்!” என்று அண்டம் அதிர ஆர்த்து, அச்சு யந்திரத்தின் பொத்தானை அழுத்தினான் மாவீரன் பாறூக். தாள் வெளியே வந்தது. முதல் நாளின் ஐந்து தாள்களும் குடித்துவிட்டதில் பிரின்டரில் நீல மை தீர்ந்திருந்தது. சேலை மறுபடி செங்கல். புது மை கொழும்பிலிருந்து வரவேண்டும்.

புஸ்பம் சந்தையில் ஒரு வாழைப்பூ வாங்கிக்கொண்டு காத்தான்குடிக்கு பஸ் ஏறினாள்.